ஹெல்மெட் கழட்டாம வண்டியிலயே உக்காந்திருந்த பாஸ்டருக்கு

இந்த தடவை பதில் சொல்ல எடுத்திருக்கிற லெட்டர் பெங்களூர்ல இருக்கிற ஒரு தமிழ் சபை போதகரோடது. அஞ்சு பக்கம், கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். பேரு, சபை, ஏரியா எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தியும் இருக்கேன், அவரை தெரிஞ்சவங்களே படிச்சாலும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி.

அவர் சொல்றது சுருக்கமா இதுதான். வயசு 47. சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம், 22 வருஷத்துக்கு முன்னாடி மனைவியோட இங்க வந்து ஒரு வீட்டு மாடியில 6 பேரோட ஆரம்பிச்ச சபை இப்போ 130 குடும்பம். பெரிய சபைப் பிரிவு எதோடயும் சேராத தனி சபை, ட்ரஸ்ட்டா பதிவு பண்ணியிருக்காங்க, 7 பேர் கமிட்டி. ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிக்கு தமிழ் ஆராதனை, 10 மணிக்கு கன்னட மொழிபெயர்ப்போட இன்னொண்ணு, சாயங்காலம் ஓசூர் ரோட்டுல தள்ளி ஒரு கிளைச் சபை. செவ்வாய் உபவாச ஜெபம், புதன் வீட்டுக் கூட்டம், வெள்ளி முழு இரவு ஜெபம், மாசத்துல முதல் 3 நாள் உபவாசம். நடுவுல ஆஸ்பத்திரி, கல்யாணம், அடக்கம், புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்து, ஸ்கூல் சீட்டுக்கு சிபாரிசு லெட்டர். 2021-ல ரெண்டாவது அலை வந்தப்போ ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல மட்டும் 17 அடக்கம் நடத்தியிருக்கார்.

இப்போ என்ன ஆயிருக்குன்னா, ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்து வாசல்ல ஆக்டிவாவை நிறுத்தினவர் 40 நிமிஷம் ஹெல்மெட்கூட கழட்டாம அப்படியே உக்காந்திருக்கார், ரெண்டாவது மாடி ஏற முடியல. மனைவி பால்கனியில இருந்து பாத்துட்டு இறங்கி வந்து கையை பிடிச்சு கூட்டிட்டு போயிருக்காங்க. அடக்க ஆராதனையில இறந்தவரோட பேரு மறந்துபோச்சு. சில விசுவாசிங்க பேரு போன்ல வந்தாலே வெறுப்பா வருது. பிரசங்கம் தயார் பண்றதே இல்ல, யூட்யூப்ல கேட்டதை அப்படியே சொல்லிடறார். சபையில மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கிற தம்பிகிட்ட வாங்கி 8 மாசமா தூக்க மாத்திரை போடறார், பாதியில ஆரம்பிச்சது இப்போ ஒண்ணரை. சுகர் 4 வருஷமா இருக்கு. கமிட்டி செக்ரட்டரிகிட்ட ஒரு மாசம் லீவு கேட்டிருக்கார், அவரு "ஐயா, நமக்கெல்லாம் ஓய்வு பரலோகத்துலதான்"னு சிரிச்சுட்டு போயிட்டார். கடைசி பக்கத்துல ஓரமா, அடிச்சு அடிச்சு திரும்ப எழுதின மாதிரி ஒரு வரி: ஹெப்பால் ஃப்ளைஓவர்ல போகும்போது பின்னாடி வர்ற லாரி இடிச்சுட்டா எல்லாம் முடிஞ்சுடும்னு தோணுச்சாம்.

அவர் கேள்வி மூணு. நான் ஆதி அன்பை, அதாவது ஆண்டவர் மேல ஆரம்பத்துல இருந்த அன்பை, விட்டுட்டேனா? ராஜினாமா பண்ணிட்டு ஊருக்கு போயிடலாமா, இல்ல கிறிஸ்துமஸ் வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிடலாமா? மனநல டாக்டர்கிட்ட போனா சபைக்கு தெரிஞ்சுடாதா?

பாஸ்டர், ஸ்தோத்திரம்.

உங்க மூணு கேள்விக்கும் வர்றேன், ஆனா நீங்க கேக்காததுல இருந்துதான் ஆரம்பிக்கணும். அந்த லாரி வரி. அதை ஓரத்துல எழுதியிருக்கீங்க, நான் அதைத்தான் மொதல்ல படிச்ச மாதிரி ஆயிடுச்சு. நானா சாகணும்னு நினைக்கல, தானா முடிஞ்சா பரவால்லன்னு தோணுதுன்னு நிறைய பேர் சொல்வாங்க, சொல்லிட்டு அது ஒண்ணும் இல்லன்னும் சொல்வாங்க. அது ஒண்ணும் இல்லாதது இல்ல. இன்னைக்கு ராத்திரியே இந்த வரியை உங்க மனைவிகிட்ட அப்படியே சொல்லுங்க, சுத்தி வளைக்காம. அந்த தூக்க மாத்திரை பட்டையை அவங்க கையில குடுத்து வெச்சுக்க சொல்லுங்க, அன்னன்னைக்கு உள்ளதை மட்டும் அவங்க எடுத்து தரட்டும். திரும்ப அந்த நினைப்பு வந்தா, இல்ல எப்படி சாகலாம்னு யோசிக்க ஆரம்பிச்சா, 14416-க்கு போன் போடுங்க. அது டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நினைப்பு அடங்காம உங்க கையை மீறி போகுதுன்னா போனுக்கு எல்லாம் காத்திருக்காம நேரா பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடுங்க, மனைவியையும் கூட்டிட்டு. வண்டியை நீங்க ஓட்டாதீங்க.

நடு ராத்திரியில எத்தனை பேர் உங்களுக்கு போன் பண்ணி "பாஸ்டர் வாழவே பிடிக்கல"ன்னு அழுதிருப்பாங்க, நீங்களும் எடுத்திருப்பீங்க, எடுத்து பேசி அவங்களை காலைல வரைக்கும் கொண்டுவந்து சேத்திருப்பீங்க. அவங்கள்ல ஒருத்தரையாவது அவிசுவாசின்னு நினைச்சீங்களா?

ஆதி அன்பை விட்டுட்டேனான்னு கேட்டதுக்கு

இல்ல. இதை தெளிவா சொல்லிடறேன், ஏன்னா அஞ்சு பக்கத்துல நாலு இடத்துல நீங்க இதையே வேற வேற வார்த்தையில கேட்டிருக்கீங்க. அன்பு தணிஞ்சுபோச்சு, அபிஷேகம் குறைஞ்சுபோச்சு, பின்மாற்றம்னு. உங்களுக்கு தெரிஞ்ச பாஷை அதுதான், அதனால உடம்பும் மனசும் சொல்றதை எல்லாம் அந்த பாஷையிலயே எடுத்துக்கறீங்க.

பர்ன்அவுட்னு ஒரு சொல் இருக்கே, அதை 1974-ல எழுதி பரவலா தெரிய வெச்சவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட். நியூயார்க்ல ஏழைங்களுக்கான ஒரு இலவச கிளினிக்ல வேலை பாத்தவர். சம்பளத்துக்காக வேலைக்கு வந்தவங்ககிட்ட இதை அவர் பாக்கல, பாரத்தோட, மனசார சேவைக்கு வந்தவங்ககிட்டதான் பாத்தார், தன்கிட்டயும் பாத்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல ஏத்துக்கிட்ட நோய் வகைப்பாட்டுல இது ஒரு நோயா வராது, ரொம்ப நாளா சரியா கையாளப்படாத வேலை அழுத்தத்தால வர்ற நிலைன்னு சொல்லி மூணு அடையாளம் குடுத்திருக்காங்க. ஒண்ணு, சக்தியே இல்லாம வத்திப்போறது. ரெண்டு, செய்யற வேலை மேலயே ஒரு விலகல், கசப்பு. மூணு, நான் செய்யறது எதுவும் உருப்படியா இல்லங்கிற எண்ணம். உங்க லெட்டரை பக்கத்துல வெச்சுட்டு படிச்சு பாருங்க. மாடி ஏற முடியாதது மொதல் அடையாளம். போன்ல பேரு பாத்தாலே வெறுப்பு வருதுன்னீங்களே, பாவம்னு நினைச்சு தனியா அழுதீங்களே, அது ரெண்டாவது. அந்த விசுவாசிங்க மேல உங்களுக்கு இருக்கிற அன்பு போயிடல பாஸ்டர், அந்த அன்பை எடுத்துட்டு வர்றதுக்கு உள்ள ஆள் இல்ல.

எலியா சூரைச்செடிக்கு கீழ உக்காந்து சாகணும்னு கேட்டதை நீங்களே பத்து தடவை பிரசங்கம் பண்ணியிருப்பீங்க, அதை விட்டுடறேன். எண்ணாகமம் 11-ஐ திரும்ப ஒரு தடவை படிங்க. இந்த ஜனத்தை நான் ஒருத்தனா சுமக்க முடியாது, இப்படித்தான் நடக்கணும்னா என்னை கொன்னுடும்னு மோசே கேக்கறார். உங்க லாரி வரிதான் அது. அதுக்கு வந்த பதில்ல கண்டிப்பு இல்ல, இன்னும் அதிகமா ஜெபம் பண்ணுன்னும் இல்ல. மூப்பர்ல 70 பேரை கூட்டிட்டு வா, நீ ஒருத்தனா சுமக்காதபடி அவங்களும் உன்கூட சுமப்பாங்கன்னு வருது. அதாவது ஆள் மேல குத்தம் இல்ல, பாரத்தை வெச்சிருந்த விதம் தப்பு. நான் இந்த பதில் முழுக்க சொல்லப்போறதும் அதேதான்.

ஒண்ணு மட்டும் எச்சரிக்கையா சொல்லணும். பர்ன்அவுட்டுக்கும் டிப்ரஷனுக்கும் நடுவுல கோடு மெல்லிசு. வேலையை விட்டு நாலு நாள் தள்ளி இருந்தா முகம் தெளியுதுன்னா அது ஒரு மாதிரி, எங்க போனாலும் அந்த இருட்டு கூடவே வருது, பிடிச்ச சாப்பாடு, பிள்ளைங்க சிரிப்பு எதுவும் உள்ள இறங்கல, சாவு நினைப்பு வருதுன்னா அது வேற. உங்க லெட்டர்ல ரெண்டாவதும் தெரியுது. அதை லெட்டரை வெச்சு நான் முடிவு பண்ண முடியாது, நேர்ல பாக்கிற ஒரு மனநல டாக்டர்தான் சொல்லணும்.

அந்த 17 அடக்கம்

இதை நீங்க ஒரே ஒரு வரியில தாண்டிட்டீங்க. நான் தாண்ட மாட்டேன்.

2021 மே மாசம் பெங்களூர் எப்படி இருந்துச்சுன்னு இங்க இருந்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. கல்லறைக்கு வெளிய ஆம்புலன்ஸ் வரிசை. குடும்பத்துல பாதி பேர் தனிமைப்படுத்தல்ல, மீதி பேர் தூரத்துல நின்னுட்டு. நீங்க அந்த பிளாஸ்டிக் அங்கி, ரெண்டு கிளவுஸ், மூடின கண்ணாடிக்கு உள்ள நின்னுட்டு, கண்ணாடியில பனி படிஞ்சு வேதாகமத்துல எழுத்தே தெரியாம மனப்பாடமா ஜெபிச்சேன்னு எழுதியிருக்கீங்க. அந்த 17 பேர்ல ஒருத்தர் நீங்க ஞானஸ்நானம் குடுத்த பையன், 26 வயசு. அவன் அம்மாவுக்கு வாட்ஸாப் வீடியோ கால்ல குழியை காட்டினது நீங்கதான். அன்னைக்கு சாயங்காலமே அடுத்த வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தேடி ஓடியிருக்கீங்க.

பாஸ்டர், நீங்க அதுக்கு எப்போ அழுதீங்க?

அடக்கத்துல பேரு மறந்தது ஞாபக மறதியோட வேலை மட்டும்தான்னு எனக்கு தோணல. ஒவ்வொரு அடக்கத்துலயும் நீங்க மத்தவங்களுக்கு ஆறுதல் சொல்ற ஆளா நின்னீங்க, ஒண்ணுலகூட துக்கப்படற ஆளா நிக்கல. சேத்து வெச்ச துக்கம் இப்படித்தான் வரும், குழிக்கு பக்கத்துல போய் நின்னதும் மனசு கதவை சாத்திக்கும். ஓய்வு எடுத்தா மட்டும் இது சரியாகாது, ஒரு கவுன்சலர்கிட்ட உக்காந்து ஒவ்வொருத்தர் பேரா சொல்லி பேச வேண்டியது இது. அவசரம் இல்ல, ஆனா இதை லிஸ்ட்ல இருந்து எடுத்துடாதீங்க. எங்கப்பாவும் ஒரு கிராமத்துல உபதேசியார்தான், ஊர்ல எல்லார் சாவுக்கும் நின்னவர், சொந்த தம்பி செத்தப்போகூட ஆராதனை நடத்தி முடிச்சுட்டு வந்து நாற்காலி அடுக்கினவர். அதனாலதான் இதை இவ்வளவு நீட்டி சொல்றேன்.

உடம்பு பக்கம் ரெண்டு விஷயம், ரெண்டுமே ஆபத்து

நான் கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட், மருந்து எழுதற டாக்டர் இல்ல. ஆனா நீங்க குடுத்த மருந்து பேரை பாத்ததும் இதை சொல்லாம இருக்க முடியாது.

சுகருக்கு நீங்க போடற மாத்திரையில கிளிமிபிரைடு இருக்கு. அதை காலைல போட்டுட்டு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் தண்ணி மட்டும் குடிச்சுட்டு நிக்கறீங்க. அந்த மருந்து நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காது, சுகரை இறக்கிட்டே போகும். கை நடுங்கறது, வேர்க்கறது, திடீர்னு எரிச்சல் வர்றது, யோசனை குழம்பறது எல்லாம் சுகர் கீழ போனதோட அடையாளமா இருக்கலாம், "செவ்வாய்க்கிழமை கூட்டத்துலதான் கோவம் அதிகமா வருது, சத்துரு அந்த நாளை குறி வெச்சிருக்கான்"னு எழுதியிருக்கீங்களே, அதை படிச்சப்போ எனக்கு இதுதான் தோணுச்சு. அந்த நிலையில ட்ராஃபிக்ல வண்டி ஓட்டறது உயிருக்கு ஆபத்து. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் உபவாசத்தை நிறுத்தி வைங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, உபவாசத்தை நிறுத்துங்க. டாக்டர்கிட்ட போகும்போதே தைராய்டு, பி12, மூணு மாச சுகர் சராசரி, பிரஷர் எல்லாம் பாத்துடுங்க, களைப்புக்கு இதுல எதுவும் காரணமா இருக்கலாம்.

ரெண்டாவது, அந்த தூக்க மாத்திரை. அல்பிரசோலம், டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது, ஹெச்1 பட்டியல்ல இருக்கிற மருந்து, அந்த தம்பி உங்க மேல இருக்கிற மரியாதையில குடுத்திருப்பார், மாட்டினா அவர் லைசென்ஸ்தான் போகும். பாதியில இருந்து ஒண்ணரைக்கு வந்ததே உடம்பு பழகிடுச்சுங்கிறதுக்கு அடையாளம். இதை படிச்சுட்டு பதறி நாளைக்கே நிறுத்திடாதீங்க, அப்படி சட்டுன்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் வரலாம். டாக்டர்கிட்ட எவ்வளவு போடறீங்கன்னு உண்மையை சொல்லுங்க, அவர் வாரக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார். டிப்ரஷனுக்கு மாத்திரை குடுத்தா அது வேற வகை, அதுக்கு இந்த மாதிரி அடிமை ஆகற பிரச்சினை இல்ல, ஆனா பலன் தெரிய ரெண்டு மூணு வாரம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும், நடுவுல நீங்களா விடக் கூடாது.

சபைக்கு தெரிஞ்சுடுமா

பெங்களூர்ல இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ்ல உங்க சபை நர்ஸ் ரெண்டு பேர் வேலை பாக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. பயம் புரியுது, பெங்களூர்ல எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும் நம்ம சிஸ்டர் ஒருத்தராவது இருப்பாங்க. ஆனா 2017 மனநல பராமரிப்புச் சட்டம் சிகிச்சைக்கு போற ஒவ்வொருத்தருக்கும் ரகசியத்துக்கு உரிமை குடுத்திருக்கு, சில அவசர விதிவிலக்கு தவிர டாக்டரோ ஊழியர்களோ உங்க விவரத்தை வெளிய சொல்லக் கூடாது, உங்க கமிட்டி வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது. அதே சட்டத்துல இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க உடம்பு வியாதிக்கு குடுக்கிற மாதிரியே மன வியாதிக்கும் கவர் குடுக்கணும்னு இருக்கு, உங்க பாலிசியை எடுத்து பாருங்க.

சட்டம் இருந்தாலும் மனசு ஒத்துக்கலன்னா வேற இடம் போங்க. கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, பல ஜெனரல் ஆஸ்பத்திரியிலயும் இருக்கு, அங்க யாராவது பாத்தாலும் சுகருக்கு வந்தேன்னுதான் நினைப்பாங்க. டாக்டர்கிட்ட போகவே மாட்டேன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க.

ஊருக்கா, கிறிஸ்துமஸ் வரைக்குமா

ரெண்டும் வேண்டாம்.

ராஜினாமா ஒரு நாள் சரியான முடிவா இருக்கலாம், அதை நான் மறுக்கல. ஊழியத்தை விட்டு வேற வேலைக்கு போறது பாவமும் இல்ல. ஆனா நாலு மணி நேரம் தூங்கி, மாத்திரையில ஓடிட்டு இருக்கிற ஒரு ஆள் 22 வருஷ வாழ்க்கையை பத்தி முடிவு எடுக்கக் கூடாது. நடைமுறையும் பாருங்க. இருக்கிற வீடு ட்ரஸ்ட் பேர்ல. மாசம் 24,000, பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. பெரிய மகள் பி.யூ.சி. ரெண்டாவது வருஷம், அதாவது நம்ம பிளஸ் டூ. ராஜினாமா லெட்டர் குடுத்தா எத்தனை நாள்ல வீட்டை காலி பண்ணணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? இல்லன்னு நினைக்கறேன். ஊர்ல போய் இறங்கினதும் "என்ன பாஸ்டர், சபையில எதாவது பிரச்சினையா"ன்னு கேப்பாங்க, அதுக்கு பதில் சொல்லவே உங்களுக்கு இப்போ தெம்பு இல்ல.

கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓட்டிடலாம்னு சொல்றீங்களே, சரி, அப்புறம் என்ன வரும்? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. ஜனவரியில 21 நாள் உபவாசம். அப்புறம் லெந்து 40 நாள். ஈஸ்டர். ஏப்ரல், மே மாசத்துல விபிஎஸ், பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. ஜூன்ல சபை ஆண்டு விழா. நம்ம சபை காலண்டர்ல "இது முடியட்டும்"னு காத்திருக்கிறதுக்கு ஒரு காலி கட்டம்கூட கிடையாது, நீங்களே 22 வருஷமா போட்ட காலண்டர் அது.

நான் சொல்றது மூணாவது வழி: டாக்டர் சொல்ற காலத்துக்கு சம்பளத்தோட மருத்துவ விடுப்பு, ஆறுல இருந்து எட்டு வாரம்னு வெச்சுக்கலாம், அதோட கூடவே திரும்பி வரும்போது வேலை வேற மாதிரி இருக்கணும்னு எழுத்துல ஒரு ஏற்பாடு. ரெண்டாவது பாதி இல்லாம மொதல் பாதி வீண். ஊருக்கு போய் நல்லா தூங்கி, அம்மா கையால சாப்பிட்டு, திரும்பி வந்து அதே மூணு ஆராதனை, அதே வெள்ளி ராத்திரின்னா நாலே மாசத்துல அந்த ஆக்டிவா மேல திரும்ப உக்காந்திருப்பீங்க.

கமிட்டிகிட்ட எப்படி பேசறது, என்ன கேக்கறது

ஏழு பேரையும் ஒண்ணா வெச்சு ஆரம்பிக்காதீங்க. உங்களை நிஜமா நேசிக்கிற ரெண்டு பேரை, செக்ரட்டரி அதுல ஒருத்தரா இருந்தாலும் இல்லாட்டியும், மொதல்ல வீட்டுக்கு கூப்பிடுங்க. பாஸ்டரம்மாவும் உக்காரட்டும், மாடிப்படி கதையை அவங்க சொல்லட்டும், நீங்க சொன்னா குறைச்சு சொல்வீங்க. எல்லாத்தையும் திறந்து காட்டணும்னு இல்ல. "எனக்கு உடம்பு, மனசு ரெண்டும் சரியில்ல, சிகிச்சையில இருக்கேன், டாக்டர் ஓய்வு சொல்லியிருக்கார்" இவ்வளவு உண்மை போதும், டாக்டர் சர்டிஃபிகேட்டோட. செக்ரட்டரி பரலோக ஓய்வு பத்தி சொன்னதுக்கு பதில் வேணும்னா எண்ணாகமம் 8-ல் லேவியர் கணக்கை காட்டுங்க. 25 வயசுல பணிக்கு வரணும், 50 வயசுல அந்த கனமான வேலையை விட்டு விலகி சகோதரருக்கு உதவியா இருக்கணும். பரலோகம் வரைக்கும் கூடாரத்தை தூக்கிட்டு நடக்க சொல்லல. உங்களுக்கு 50 வர இன்னும் 3 வருஷம்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கையை திருத்தணும். சட்டப்படி எனக்கு லீவு உரிமை இருக்குமேன்னு கேட்டிருக்கீங்க. தனி சபை போதகர்கள் விஷயத்துல அதை நம்பி உக்காராதீங்க, அப்பாயின்ட்மென்ட் லெட்டரே இல்லாத இடத்துல எதை வெச்சு கேப்பீங்க? ட்ரஸ்ட் டீடை எடுத்து போதகர் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க, ஒரு வக்கீலை கூட வெச்சுட்டு. அதுல இல்லாததை கமிட்டி தீர்மானமா போட்டு மினிட்ஸ் புக்ல எழுதி கையெழுத்து வாங்குங்க. வாரத்துல ஒரு முழு நாள் விடுப்பு, வருஷத்துக்கு 3 வாரம், விடுப்புல சம்பளம், வேலையை விட்டா வீடு காலி பண்ண குறைஞ்சது 6 மாசம். சபை மாசா மாசம் உங்க பேர்ல என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்குல ஒரு தொகை போடட்டும், 2009-ல இருந்தே அது அரசு ஊழியர் இல்லாதவங்களுக்கும் திறந்திருக்கு. வருஷத்துக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் காப்பீடு தர்ற ஜீவன் ஜோதி திட்டத்துல 50 வயசுக்குள்ளதான் சேர முடியும், அதை இந்த மாசமே பேங்க்ல போட்டுடுங்க.

வேலையை எப்படி பிரிக்கறது? என் கருத்து, வெள்ளி முழு இரவு ஜெபத்தை மாசத்துக்கு ஒண்ணா ஆக்கி அதையும் மூப்பர்கள் நடத்தட்டும். கிளைச் சபையை ரெண்டாவது வரிசையில இருக்கிற அந்த வாலிபர்கிட்ட நிஜமாவே குடுத்துடுங்க, குடுத்துட்டு பின்னாடி உக்காந்து பாக்காதீங்க. அவரை பத்தி எழுதும்போது "இன்னும் பக்குவம் பத்தாது"ன்னு எழுதியிருக்கீங்க. நீங்க 25 வயசுல மாடியில சபை ஆரம்பிச்சப்போ பக்குவம் எவ்வளவு இருந்துச்சு?

போன் விஷயம்தான் எல்லாத்தையும் விட பெருசு. சபைக்குன்னு ஒரு தனி நம்பர் வாங்குங்க, அந்த போன் வாரத்துக்கு ஒரு மூப்பர் கையில சுத்தட்டும். சாவு, விபத்து, உயிருக்கு ஆபத்து இதுக்கு மட்டும் அவர் உங்களை எழுப்பலாம். காய்ச்சலுக்கு ஜெபம், இன்டர்வியூவுக்கு ஜெபம் எல்லாம் மூப்பரே பண்ணலாம், கர்த்தர் அவர் ஜெபத்தையும் கேப்பார். 2019-ல ஒரு ஆன்ட்டி போனை எடுக்காம விட்டு காலைல அவங்க இறந்துட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க, அதுக்கு அப்புறம் ஒரு ராத்திரிகூட போனை சைலன்ட்ல போடலன்னும். அவங்களுக்கு வந்தது ஹார்ட் அட்டாக். நீங்க எடுத்திருந்தா ஆம்புலன்ஸுக்கு போடுங்கன்னுதான் சொல்லியிருப்பீங்க, அதை அவங்க மகன் ஏற்கனவே பண்ணியிருந்தார், உங்க லெட்டர்லயே இருக்கு. ஆறு வருஷமா அந்த ஒரு மிஸ்டு காலுக்கு தண்டனை அனுபவிச்சுட்டு இருக்கீங்க.

வாலிபர் ஒருத்தர் கையை கீறிக்கிறார், ஒரு தம்பதி விவாகரத்து வரைக்கும் போயிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே, இப்போ நீங்க இருக்கிற நிலையில அதை உங்க கையில வெச்சுக்காதீங்க. அந்த பையனை இந்த வாரமே டாக்டர்கிட்ட சேத்து விடுங்க, அப்பா அம்மாவுக்கு 14416 நம்பரை குடுங்க.

பாஸ்டரம்மாவை பத்தி அஞ்சு பக்கத்துல மூணு வரிதான் இருக்கு. சண்டே ஸ்கூல், பெண்கள் கூட்டம், வர்றவங்க எல்லாருக்கும் டீ, ஞாயித்துக்கிழமை 60 பேருக்கு சாம்பார் சாதம், ஒரு ரூபாய் சம்பளம் இல்ல. அவங்களுக்கும் இதே ஓய்வு வேணும். நீங்க லீவுல இருக்கும்போது உங்களுக்கு பதிலா அவங்களை நிக்க வெச்சுடாதீங்கன்னு கமிட்டியில மொதல்லயே சொல்லிடுங்க.

நீங்க மனசு விட்டு பேசறதுக்கும் ஒரு ஆள் வேணும். பாஸ்டர்ஸ் ஃபெல்லோஷிப்ல முடியலன்னு சொன்னீங்க, அங்க எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க, கட்டடம் எவ்வளவு முடிஞ்சுதுன்னுதான் பேச்சு போகுதுன்னு. அப்போ பெங்களூருக்கு வெளிய, வேற சபைப் பிரிவுல, ரிட்டயர் ஆன ஒரு போதகரை தேடுங்க, உங்ககிட்ட இருந்து எதுவும் எதிர்பார்க்காத ஒருத்தர். மாசத்துக்கு ஒரு தடவை ட்ரெயின் ஏறி போய் பாத்துட்டு வாங்க.

லெட்டரோட கடைசியில "வர்ற வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு நான் வரலன்னு எப்படி சொல்றது, கை வரல"ன்னு கேட்டிருக்கீங்க. நான் எழுதி தர்றேன், அப்படியே செக்ரட்டரிக்கு அனுப்புங்க:

"அண்ணன், ஸ்தோத்திரம். கொஞ்ச நாளா எனக்கு உடம்பு சரியில்ல, வியாழக்கிழமை டாக்டரை பாக்க போறேன். இந்த வெள்ளி முழு இரவு ஜெபத்துக்கு நான் வரல, மூப்பர்ல யாராவது நடத்தட்டும். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, நேர்ல ஒரு முக்கியமான விஷயம் பேசணும்."

அனுப்பிட்டு ரெண்டு நீல டிக் வருதான்னு பாத்துட்டே இருக்காதீங்க, போனை பாஸ்டரம்மாகிட்ட குடுத்துடுங்க. வியாழக்கிழமை ரத்தம் குடுக்க வெறும் வயித்துல போகணும், அதனால புதன் ராத்திரி நல்லா சாப்பிடுங்க, காலைல சுகர் மாத்திரையை டெஸ்ட் முடிஞ்சு டிஃபன் சாப்பிடறப்போ போட்டுக்கலாமான்னு லேபுக்கு போறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. அந்த அல்பிரசோலம் பட்டையையும் கையில எடுத்துட்டு போங்க, எத்தனை எம்.ஜி.ன்னு அவர் பாக்கணும்.